நீலத் தக்கையின் முறை

எங்கள் வீட்டில் வெள்ளைப் படுக்கை விரிப்பு கிடையாது. கும்மிடிப்பூண்டிக்கு வந்த புதிதில் இருந்தது. சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தெருவில் மாடியும் கீழுமாக வாடகை வீடு. முதல் வெளிநாட்டுக் குழு வருகிறது என்று புது விரிப்புகளைத் துவைத்து மாடியில் காயப்போட்டேன். இரும்பு ஆலைகளின் கரி சாயங்காலத்துக்குள் அவற்றின்மேல் பொடிப்பொடியாக இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டம்மா மாடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, எள்ளு காயப்போட்டுக்கினு கீறியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து விருந்தாளிகளுக்கு அடர்நீலம், காப்பிக்கொட்டை நிறம், மெரூன்தான்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். என் கணவரை ஊழியத்துக்கென்று இங்கே அனுப்பியபோது, வெளிநாட்டுக்குப் போவதுபோலத்தான் மூட்டை கட்டினோம். வந்து இறங்கினால் தமிழே வேறாக இருந்தது. உட்காரச் சொன்னால் குந்து என்கிறார்கள், வீட்டை ஊடு என்கிறார்கள், வயதில் பெரியவரை நைனா என்கிறார்கள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. நான் பத்தாவதோடு நின்றவள். அதற்குமேல் படித்ததெல்லாம் ஆட்களின் வாயிலிருந்துதான். காய்கறிக்காரர் ஒரு புது வார்த்தை சொன்னால் மிச்சக் காசைக்கூட வாங்க மறந்து நின்றிருக்கிறேன். இங்கிலீஷும் அப்படி வந்ததுதான், விருந்தாளிகளிடமிருந்து.

அவர்கள் நியூசிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊர்ச் சபையிலிருந்து ஆண்டுக்கு இரண்டு தடவை வருவார்கள். ஜனவரியில் அங்கே கோடை விடுமுறை, ஜூலையில் குளிர்கால விடுமுறை. வந்தால் ஒரு வாரம், பத்து நாள். ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பம். அங்கே ஒரு கொட்டகையில் நாங்கள் சாயங்கால டியூஷன் நடத்துகிறோம். குழு வந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் விளையாட்டு, பல் துலக்கும் பாடம், காகிதத்தில் கொக்கு செய்வது, கொட்டகையில் பிய்ந்துபோன தகரத்தைச் சரிசெய்வது.

குழு வரும் நாளில் என் மகள் தன் அறையைக் காலிசெய்து, துணியையும் புத்தகத்தையும் ஒரு சூட்கேசில் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்துவிடுவாள். "அம்மா, நான் நம்ம வீட்டுக்கே டூர் வந்திருக்கேன்" என்பாள்.

வந்த முதல் நாளே அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நாங்கள் உங்களுக்கு என்ன உதவி செய்யட்டும்? பத்துப் பேர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? நான் சின்ன வெங்காயத்தைக் கொடுப்பேன். ஒரு முறம் வெங்காயத்தை மூன்று பெரிய மனிதர்கள் முற்பகல் முழுக்க உரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஒவ்வொரு தோலாக. உதவி செய்கிறவருக்கும் உதவி செய்வதற்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறதே என்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் எனக்கு அலுத்ததில்லை. மனிதர்களைப் பார்ப்பதில் எனக்கு என்றைக்குமே அலுப்பு வந்ததில்லை.

சாப்பாட்டில் மட்டும் ஒரு கண்டிப்பு இருந்தது. ஒரு குழுவில் வந்த பையன் வழியில் எதையோ வாங்கித் தின்று பொன்னேரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்கப்புறம் நியூசிலாந்துச் சபையிலிருந்து உத்தரவு வந்தது: எங்கள் வீட்டுச் சமையலறையில் சமைத்ததைத் தவிர வேறெதையும் குழு வாயில் வைக்கக் கூடாது. அதனால் நான் மிளகாய் குறைத்த சாம்பார், மிளகாய் குறைத்த கோழி, மிளகாய் குறைத்த உருளைக்கிழங்கு என்று சமைத்து, தூக்குவாளிகளில் அடைத்து வேனில் அனுப்புவேன். தனியாக நமக்கென்று சமைக்க எங்கே நேரம்? எங்கள் வீட்டுச் சமையலே அப்படி ஆகிப்போயிற்று. மிளகாயைக் குறைத்தும் அவர்கள் கண் கலங்கும். "ஸ்பைசி?" என்று கேட்டால், மூக்கைத் துடைத்துக்கொண்டே, "நோ, நோ, குட்" என்பார்கள். யாரும் ஆமாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

குப்பத்தில் மதியம் வேனுக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிடுவார்கள். ஈ வராமல் இருக்கத்தான். வெளியே நின்று பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

"இன்னாக்கா, கண்ணாடிப் பொட்டில பிஸ்கோத்து அடுக்கனா மாதிரி உள்ளயே குந்தினு துன்றாங்க. நாங்க இன்னா கண்ணு வெச்சிடுவமா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டவள் டியூஷன் கொட்டகையின் சாவியை வைத்திருப்பவள். அவளை நாங்கள் வீட்டில் சாவிக்காரி என்றே சொல்வோம். கொட்டகையைத் திறப்பது, கூட்டுவது, பிள்ளைகளை அதட்டி உட்காரவைப்பது எல்லாம் அவள்தான். பகலில் எறா, அதாவது இறால், உரிக்கும் ஷெட்டில் வேலை. கணவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறாள். வருமானத்துக்குக் குறையில்லை. அவள் குறை வேறு.

அதைச் சொல்வதற்கு முன்னால் 'பாடு' என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் சில உண்டு. எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் எந்த வீட்டுக்கு எந்த நாள், எந்த இடம் என்று குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. குப்பத்தில் வலை மிதக்கக் கட்டும் தக்கையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம், ஒரு கோடு உண்டு. தக்கைகளைக் கூடையில் போட்டு, ஒரு குழந்தையைக் கண்ணை மூடி எடுக்கச் சொல்வார்கள். எடுத்த வரிசைதான் முறை. உங்கள் நாளில் காற்றடித்தால் உங்கள் பாடு போயிற்று. இன்னொரு நாள் கேட்க முடியாது.

பாடு தண்ணீரில் இறங்கும் ஆம்பளைக்குத்தான். சாவிக்காரியின் கணவர் போனதும் அவள் வீட்டு நீலத் தக்கை கூடையிலிருந்து வெளியே வந்துவிட்டது. அவள் அதை வாசல் கம்பில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

"மீனு போனா போவுதுக்கா. ஊர்ல எதுனா பேசணும்னா ஊட்டுக்கு ஒருத்தரு வாங்கன்னு கூப்டுகினே வருவாங்க. எங்கூட்டாண்ட வந்தா சத்தத்தக் கொறச்சிக்கினு தாண்டிப் போவாங்க. ஊடு இங்கதான கீது? காத்துல கரஞ்சா போச்சு?" என்று ஒருநாள் சொன்னாள். அதைச் சொல்லும்போது கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தை நிறுத்தவேயில்லை.

ஒரு டிசம்பரில் குப்பத்துப் பெரியவர் எங்கள் வீடு தேடி வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, பஸ் ஏறி வந்திருந்தார். அடிக்கடி பேசுகிற மனிதரில்லை. டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கணவரிடம் சொன்னார்:

"பாஸ்டரே, உங்க ஆளுங்க வராங்க, பசங்களுக்கு ஆட்டம் பாட்டம்லாம் கத்துத் தராங்க, நல்லது. ஆனா எங்க ஊர்ல ஒருவாட்டி கூட கை நனைக்காம போறாங்க. வெளில கேக்கறாங்க, உங்க ஊர்ல சோறு இல்லியான்னு. எனக்குப் பேஜாரா கீது. இந்தவாட்டி நாங்க போடறோம். தெனம் ஒரு ஊடு."

என் கணவர் உத்தரவைப் பற்றி விளக்கினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "தண்ணி உங்களது எத்தினு வாங்க. சோறு எங்களது. சுடச்சுட போடறோம். அந்தத் தென்ன மரத்துக்கு சொக்கா மாட்டனா மாதிரி ஒர்த்தரு வருவாரே, அவராண்ட கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

தென்னை மரம் என்றது குழுத் தலைவரை. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், எங்கள் வீட்டு எல்லா நிலைப்படியிலும் தலையை இடித்துக்கொண்டவர். என் கணவர் அவருக்கு போன் செய்தார். அவர் தன் சபையில் பேசினார். கேன் தண்ணீர், சூடான சாப்பாடு என்றால் சரி என்று பதில் வந்தது.

யார் வீட்டில் முதலில் என்பதைப் பாடு எடுப்பதுபோலவே தக்கை போட்டு எடுப்பது என்று முடிவாகியிருந்தது. "நீயும் வாம்மா, அப்பால ஏமாத்திட்டாங்கன்னு யாரும் சொல்லக் கூடாது" என்று என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குக் கூப்பிடுவதே போதும். போனேன். வலை பின்னும் கொட்டகையில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாகப் பாடு எடுக்கும் இடத்துக்குப் பெண்கள் வருவதில்லையாம். அன்றைக்குச் சோற்று விஷயம் என்பதால் பெண்களும் வந்து நின்றார்கள். ஓலைக் கூடையில் தக்கைகள் விழுந்துகொண்டிருந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சையில் கோடு போட்டது, பாதி எரிந்தது ஒன்று.

சாவிக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நீலத் தக்கையை நீட்டினாள்.

பெரிய மீசை வைத்த ஒருவர், "இந்தம்மா ஊட்டுக்குப் பாடே இல்லியே. தக்கைய எப்டிப் போடறது?" என்றார்.

"ஏரில வல கட்ட ஆம்பள ஓணும். ஒத்துக்கறேன் அண்ணாத்த" என்றாள் அவள். "சோறாக்க இன்னாத்துக்கு ஆம்பள? உங்கூட்ல நீயா ஆக்கப் போற?"

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. மீசைக்காரரின் மனைவிதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். "அடுப்பு எங்க கீதுன்னே அவருக்குக் காட்டணும்" என்றாள்.

"அதுக்கில்ல. மொறன்னு ஒண்ணு கீதுல்ல" என்றார் மீசைக்காரர். கோபம் இல்லை அவரிடம். முறையை உண்மையாகவே மதிக்கிறவர் அவர். பின்னால் அது எனக்குப் புரிந்தது.

எல்லாரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் கூடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே, "தண்ணிப் பாடு வேற, சோத்துப் பாடு வேற. போடும்மா" என்றார்.

அவள் உடனே போடவில்லை. தக்கையை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். பிறகு போட்டாள். அது மற்றவற்றின்மேல் விழுந்த சத்தம்கூட எனக்கு நினைவிருக்கிறது, பெரிய சத்தமில்லை, டொக் என்று.

ஒரு குழந்தை எடுக்க எடுக்க, வரிசை வந்தது. நீலம் வருமா வருமா என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன். அது கடைசிக்கு முந்தியதாக வந்தது. அதற்கு அடுத்து, கடைசியாக, மீசைக்காரரின் சிவப்பு. கணக்குப் போட்டால் அவள் முறை வரும் ஜனவரியிலும் இல்லை, ஜூலையிலும் இல்லை, அதற்கும் அடுத்த ஜனவரியில்தான், குழு கிளம்புவதற்குச் சில நாள் முன்னால். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாண தேதி குறித்துவிட்ட வீட்டுக்காரிபோல இருந்தாள்.

டிசம்பர் போய் ஜனவரியில் குழு வந்தது. முதல் வீட்டில் மடவை மீன் குழம்பு, வறுத்த எறா. கேன் தண்ணீரோடு நான் பக்கத்தில் நின்றேன். தென்னை மரத்தார் பாயில் காலை எங்கே மடக்கி வைப்பது என்று தெரியாமல் திண்டாடினார். ஏற்கெனவே வெயிலில் எல்லாரும் வெந்த எறா நிறத்தில் இருந்தார்கள், குழம்பு உள்ளே போனதும் இன்னும் சிவந்தார்கள். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. வாசலில் கூட்டம். உள்ளே பார்க்க முடியாத பின்வரிசைக்காரர்கள், "அயுதாங்களா?" என்று கேட்டார்கள். "அயுவுறாங்க, அயுவுறாங்க" என்று முன்வரிசை சொன்னது.

சுற்றி நின்று பார்க்கிறார்களே, இவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நான் தவித்தேன். வீட்டுக்காரி கேட்டாள், "ஸ்பைசியா?" அந்த வார்த்தையை என்னிடமிருந்து பிடித்திருந்தாள். பத்துத் தலைகளும் ஆடின. "நோ, நோ, குட்."

விருந்தாளிகள் அழுதால்தான் அந்த வீட்டுப் பாடு நல்ல பாடு என்று குப்பத்தில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. குலுக்கல் முடிந்து அவரவர் வீட்டு வாசலுக்குத் திரும்பியிருந்த தக்கையை, விருந்து முடிந்ததும் வலைக் கொட்டகையில் ஒரு கம்பியில் மாட்டுவார்கள். அதை மாட்டுவது அடுத்த முறைக்காரர். அவர் வந்து, அழுதார்களா என்று கேட்டுவிட்டுத்தான் தக்கையை எடுப்பார்.

அந்த வாரம் யாருக்கும் வயிறு கெடவில்லை. என் கணவர் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் எல்லார் முகத்தையும் வைத்தியர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலையில் அடுத்த குழு. அப்போது நான் ஒரு வேலை பார்த்தேன். ஒருநாள் விருந்து பச்சைக் கோட்டுத் தக்கை வீட்டில். சமையல் தாமதம். குழு சும்மா உட்கார்ந்திருந்தது. அவள் முறை வர இன்னும் எவ்வளவோ நாளாகுமே, அதுவரை ஒரு வாய் டீயாவது குடித்துவிட்டு வரலாம், சந்தோஷப்படுவாள் என்று எல்லாரையும் சாவிக்காரி வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

அவள் வாசலுக்கு வந்தாள். சிரித்தாள். வழியை விடவில்லை.

"இன்னாக்கா இது?"

"சும்மா, டீக்கு."

என்னை ஓரமாக இழுத்தாள். குரலைத் தணித்து, "இன்னிக்குப் பாடு அவுங்கூட்டுது. அங்க அடுப்பு எரியறப்ப நான் இங்க டீ குடுத்தா, அடுத்தவன் வலைய அறுத்தவளா ஆய்டுவேன். எத்தினி பாடுபட்டு உள்ள பூந்தேன், நீயே வெளில தள்ளிடுவ போலகீதே" என்றாள். "எனக்குன்னு ஒரு நாளு கீதுக்கா. அன்னிக்கு வா. கதவத் தொறந்து வெக்கிறேன்."

திரும்பி நடக்கும்போது தென்னை மரத்தார் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.  அவர், தான் பஸ் ஓட்டிய காலத்தில் வரிசையை முந்தி ஏற வரும் பிள்ளை எவ்வளவு நல்ல பிள்ளையானாலும் ஏற்றியதில்லை என்றும், ஏற்றினால் அந்தப் பிள்ளையைத்தான் மற்றவர்கள் அடிப்பார்கள் என்றும் சொன்னார். எனக்கு அது பளிச்சென்று விளங்கியது. இரக்கம் என்று நான் நினைத்தது அவளுக்கு இடைஞ்சல். ஊழியக்காரர் வீட்டில் இந்தத் தப்பு சுலபமாக நடக்கும். நாங்கள் எந்த நேரமும் கொடுக்கத் தயாராகவே நிற்கிறவர்கள் அல்லவா, யாருடைய நேரம் என்று பார்ப்பதில்லை.

அடுத்த ஜனவரி வந்தது. குழு வந்து இறங்கிய நாளிலிருந்து சாவிக்காரி என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். நண்டு துன்னுவாங்களா? ஓட்ட ஒடைக்கத் தெரியுமா, நான் ஒடச்சுக் குடுக்கணுமா? தென்னமரத்துக்கு ரெண்டு பாய் போடட்டா? மகள் அன்றைக்குக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டாள். வாசலுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது.

அவள் முறைக்கு முந்திய நாள் குழுவுக்கு ஓய்வு நாள். அன்று எங்கள் வீட்டில்தான் காலை நாஷ்டா. அவர்கள் தங்கள் ஊரிலிருந்து ஒரு சீஸ் கட்டியைப் பொக்கிஷம்போல எடுத்துவந்து எங்கள் பிரிட்ஜில் வைத்திருந்தார்கள். நடுவில் எங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை வந்து போனது, பகல் முழுக்க. அதை யாரும் சீஸோடு சேர்த்து யோசிக்கவில்லை. ரொட்டியில் வைத்து ஆளுக்கொரு துண்டு தின்றார்கள். ஊர் ஞாபகத்தில் ஒருத்தி கண்ணைக்கூட மூடிக்கொண்டாள். எங்களுக்கும் நீட்டினார்கள். என் மகள் மோந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது செத்துப்போச்சு" என்று காதில் சொன்னாள். அந்தச் சீஸுக்கு வாசனையே அப்படித்தான் என்று நான் அவளை அடக்கினேன். ஆனால் நானும் தின்னவில்லை.

பிற்பகலுக்குள் குளியலறை வாசலில் வரிசை. ரோட்டுக்கடையில் இல்லை, என் சமையலில் இல்லை, குப்பத்துக் குழம்பில் இல்லை; உத்தரவில் எழுத மறந்துபோன ஒரே சாப்பாடு அவர்கள் பெட்டியிலேயே வந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்து, பயமில்லை, உப்புச் சர்க்கரைத் தண்ணீர், கஞ்சி, இரண்டு நாள் படுக்கை என்றார்.

மறுநாள் காலை மெரூன் விரிப்புகளில் எல்லாரும் வாடிய கீரைபோலக் கிடந்தார்கள். தென்னை மரத்தார் மட்டும் சமையலறை நாற்காலிக்கு வந்து சேர்ந்து, டம்ளரைப் பிடித்துக்கொண்டு, தான் மட்டுமாவது போகப்போவதாகச் சொன்னார். எழுந்து நின்றார். உட்கார்ந்துவிட்டார். "புயல் எங்கள் வயிற்றில் என்று அந்தம்மாவிடம் சொல்லுங்கள்" என்றார்.

நான் சாவிக்காரிக்கு போன் செய்தேன். அந்தப் பக்கம் அம்மியோ எதுவோ அரைபடும் சத்தம். சொன்னேன். சத்தம் நின்றது.

"நண்டு வாங்கிட்டேனே" என்றாள். பிறகு, "செரிக்கா. காத்தடிச்சா இன்னா பண்றது" என்று வைத்துவிட்டாள்.

காற்றடித்தால் பாடு போயிற்று. இன்னொரு நாள் கேட்க முடியாது. அடுத்தது மீசைக்காரரின் சிவப்பு. சிவப்போடு சுற்று முடிந்துவிடும். புதுச் சுற்றுக்குக் கூடை வைக்கும்போது, சோறு போடாத வீட்டுத் தக்கைக்கு என்ன சொல்வார்கள்? நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த என் கணவர், "ஏளா, நீயும் பிள்ளையும் போங்க. இங்க நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"அவ கூப்பிட்டது இவங்களை."

"விருந்தாளியத்தான கூப்பிட்டா? நாம இந்த ஊர்ல யாராம்?"

எனக்கு அது தோன்றவேயில்லை. இத்தனை ஆண்டாகக் குப்பத்துக்குப் போய் வருகிறேன். தூக்குவாளி கொண்டுபோயிருக்கிறேன், தண்ணீர்க் கேன் தூக்கியிருக்கிறேன், விருந்துகளில் நின்று பரிமாற உதவியிருக்கிறேன். ஒரு வீட்டிலும் பாயில் உட்கார்ந்ததில்லை.

ஆரம்பாக்கம் பஸ் பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். அவள் வாசலில் ஏற்கெனவே ஆள் கூடியிருந்தது. மீசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"விருந்தாளி வரலன்னா பாடு போச்சு. நான் சொல்லல, மொற சொல்லுது. என் தோணி எத்தினிவாட்டி சும்மா திரும்பிக்கீது, நான் கேட்டனா இன்னொரு நாளு?" என்றார்.

சாவிக்காரி நிலைப்படியில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே வரிசையாகப் பாய் விரித்திருந்தது. கடைசியில் இரண்டு பாயைச் சேர்த்துப் போட்டிருந்தாள், தென்னை மரத்தாருக்கு.

"நாங்க வந்திருக்கோம்" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள்.

"நீ எதுக்கும்மா? நீ நம்ம ஆளு" என்றார் மீசைக்காரர். வேறொரு நாளாக இருந்தால் அதைக் கேட்டு நான் உருகியிருப்பேன்.

"நான் எங்க உங்க ஆளு? எங்க ஊடு திருநெல்வேலில கீது" என்றேன். என் வாயில் அந்தக் 'கீது' வந்து விழுந்ததும் இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

பெரியவர் வந்து சேர்ந்தார். இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டார். ஏரிப் பக்கம் பார்த்தார். பிறகு மீசைக்காரரிடம், "காத்தடிச்ச அன்னிக்கு வலைல மீனு விழாது. செரி. ஒரேயொரு நண்டு வந்து மாட்டிக்கிச்சின்னு வெச்சிக்க. அது யாருக்கு?" என்று கேட்டார்.

மீசைக்காரர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அது... வலக்காரனுக்குத்தான், நைனா. அன்னிக்குப் பாடு யாருதோ அவனுக்கு" என்றார்.

"அவ்ளோதான்."

சாவிக்காரி என்னையும் என் மகளையும் மேலும் கீழும் பார்த்தாள். "மீனுக்கு வல கட்னேன், ரெண்டு நண்டு வந்து மாட்டிக்கீது" என்றாள். "உள்ள வாக்கா."

பத்துப் பேருக்கு ஆக்கிய சாப்பாடு. நாங்கள் இரண்டு பேர். அந்த நீளப் பாய் வரிசையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நான் ஓரமாகப் போனேன். அவள் நடுவில் உட்காரவைத்தாள். இலை போட்டதும் பழக்கத்தில் எழுந்து தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போனேன்.

"குந்துக்கா."

சோறு வந்தது. கரண்டியை வாங்கக் கை நீண்டது.

"நீ குந்துவியா மாட்டியா? மாமியார் ஊட்டுக்கா வந்துக்கீற?"

கையை மடியில் வைத்துக்கொண்டேன். சும்மா உட்கார்ந்து இன்னொருவர் பரிமாறுவதைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சமையலறை வாசலில் இடுப்பில் கைவைத்து நிற்கும் பத்துப் பேரும் நினைவுக்கு வந்தார்கள். வெங்காயம் உரிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள். என் மகளுக்கு அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அவள் சம்மணம் போட்டு, நண்டுக் காலைக் கடித்து உடைத்துக்கொண்டிருந்தாள்.

நானும் குழம்பைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தேன்.

திருநெல்வேலிக்காரி நான். மிளகாயைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இத்தனை ஆண்டு விருந்தாளிகளுக்கென்று மிளகாயைக் குறைத்துக் குறைத்துச் சமைத்ததில் என் நாக்கு எனக்குத் தெரியாமலே வெளிநாடு போய்விட்டிருந்தது. இரண்டாவது கவளத்தில் காது அடைத்தது. மூன்றாவதில் மூக்கு. கண்ணில் நீர் கொட்டியது. பக்கத்தில் என் மகள் உஸ் உஸ் என்று தண்ணீரைத் தேடினாள்.

சாவிக்காரி கரண்டியோடு குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "ஸ்பைசியா?" என்றாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டே, "இல்ல, இல்ல, நல்லாருக்கு" என்றேன்.

அவள் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். சாவிக்காரி சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

வாசலில் நிழல் விழுந்தது. அடுத்த முறைக்காரர் வந்து நின்றார். மீசையை நீவிக்கொண்டு, உள்ளே வராமல், முறைப்படி கேட்டார்.

"அயுதாங்களா?"

"வந்து பாத்துக்க, அண்ணாத்த."

தலையை மட்டும் உள்ளே நீட்டி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் நன்றாகப் பார்த்தார். திருப்தியாக இருந்திருக்க வேண்டும். வாசல் கம்பில் கட்டியிருந்த நீலத் தக்கையை முடிச்சு அவிழ்த்து எடுத்து, கம்பியில் மாட்ட வலைக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.